எக்ஸ்பயரி இல்லாத எரிச்சல்

“அண்ணனுக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு,” என்று ஜாடை காட்டினாள் பில் போடுகிறவள்.

மருந்துக் கிடங்கின் மூலையில் ஸ்டோர் கீப்பர் ரோஸ் நிற மருந்துப் பாட்டிலைக் குலுக்கி, மூடியில் அளந்து, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

சூப்பர்வைசர் பார்க்காதது போல அட்டைப் பெட்டிகளை எண்ணினாள். அவள் சூப்பர்வைசராகி நாலு நாள்தான். பதினெட்டு வருஷமாக இருக்கிறவருக்கு வர வேண்டிய பதவி அது. ஒரு மாசமாக மதியம் மேனேஜர் ரூமிலேயே பழியாய்க் கிடந்தும் மனுஷனுக்குக் கிடைக்கவில்லை என்று கிடங்கு முழுக்கப் பேச்சு.

“இன்னும் எரியுதாண்ணே?” என்று கேட்டாள் பில் போடுகிறவள்.

“எரியுதும்மா. வயித்துலேர்ந்து தொண்டை வரைக்கும்.”

“எதுக்கும் பாட்டில்ல தேதியைப் பாத்துக்குங்க.”

“மருந்துக்குத்தான் எக்ஸ்பயரி. வயித்தெரிச்சலுக்கு ஏது?” என்றான் லோடு ஏற்றுகிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை.

பதவி கிடைத்த அன்றைக்கு அவள் நீட்டிய இனிப்பைக்கூட அவர் தொடவில்லை. “வேணாம்மா, நெஞ்சைக் கரிக்கும்” என்றுவிட்டார். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவளுக்காக ஒரு கிள்ளு வாயில் போட்டால் குறைந்தா போவார்?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவரோடு எத்தனை நாள் ஓட்டுவது? ஸ்டோர் கீப்பரை இரண்டாவது கிடங்குக்கு மாற்றவும் என்று எழுதி எடுத்துப் போனாள். அங்கே போக அவர் இரண்டு பஸ் மாற வேண்டும். மாறட்டும்.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இவரையா? ஏன்?”

“வயித்தெரிச்சல் சார். எந்த வயித்தெரிச்சல்னு நீங்களே புரிஞ்சுக்குங்க.”

மேனேஜர் காதைச் சொறிந்தார். “அதுக்குக் காரணம் நான்தாம்மா.”

“தெரியும் சார். பதவியை எனக்குக் கொடுத்துட்டீங்க.”

“அதில்ல. முதல்ல அவருக்குத்தான் ஆர்டர் போட்டேன். கையில வாங்கலை. ‘குப்பையாக் கிடந்த ஸ்டாக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினது அந்தப் பொண்ணு. அதுக்குக் கொடுங்க’ன்னு ஒரு மாசம் தினமும் சாப்பாட்டு நேரத்துல வந்து இதே நாற்காலியில உட்கார்ந்துட்டார். நானும் மசியலை, அவரும் சாப்பிடப் போகலை. வெறும் வயித்துல நான் கொடுத்த கறுப்புக் காபிதான். வயிறு புண்ணாகாம என்ன செய்யும்?”

அவள் காகிதத்தைத் திருப்பி வாங்கி, சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்தாள்.

கிடங்கின் மூலையில் ரோஸ் பாட்டில் திறந்திருந்தது.

“எனக்கும் ஒரு மூடி ஊத்துங்கண்ணே.”

“உனக்கு எதுக்கும்மா? நேரத்துக்குச் சாப்பிடுற ஆளாச்சே நீ.”

“நாலு நாளா எரிஞ்சது எனக்குத்தாண்ணே.”