கேபிளைப் பிடித்த கை

தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் கண்ட்ரோலரையும் லேப்டாப்பையும் இணைத்த கேபிள் கழன்று கழன்று விழுந்தது. "நான் புடிச்சுக்கறனுங்க" என்று சடையன் இடது கையை நீட்டினார். வலது கை மணிக்கட்டோடு அந்த மெஷினுக்குள் போய் ஒரு மாதமாகிறது. மறுபடி ஓட்டுவதற்கு முன் சரிபார்க்க வந்திருந்த கதிரேசன் மென்பொருளைத் திறந்தான். கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் அணைந்திருந்தது. பக்கத்தில் அணைத்த நாளாக மெஷினை நிறுவிய தேதி, அணைத்தவராகக் கதிரேசனின் பெயர். சோதனை ஓட்டத்துக்காக அணைத்தவன் திரும்பப் போடவே இல்லை. "என் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்துட்டனுங்க சார். மெஷின் மேல குத்தமொண்ணும் இல்லீங்களே?" கதிரேசன் சென்சாரை இயக்கினான். சேமித்தால் பழைய பதிவு அழிந்துவிடும், சேமிக்கவா என்று திரை கேட்டது. கேபிள் நழுவிவிடாமல் சடையன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.