நாற்பது நாள் கொப்பி

"இந்தக் கொப்பியை எழுதினது ஆர் ஐயா?"

டொக்டர் கஜந்தினி தலை நிமிராமலே கேட்டார்.

"நான்தான் டொக்டர். நாற்பது நாள், ஒருநாளும் விடேல்லை."

மரியரட்ணம் நெஞ்சை நிமிர்த்தினார். குருநகர்க் கடலில் முப்பது வருஷம் வலை இழுத்த மனிதர். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, பிழைத்து எழும்பியவர். வீட்டில் தினமும் பிறஷர் பார்த்து எழுதி வரும்படி டொக்டர் சொல்லியிருந்தார்.

"நூற்றெண்பத்திரண்டு... நூற்றெழுபத்தெட்டு... எல்லாம் எக்கச்சக்கமாய் இருக்கே! உங்கடை இதயத் தசை தடிச்சுப் போச்செண்டு போனமுறை சொன்னனான். மறந்து போனீங்களோ?"

"தடிச்சால் பலம்தானே? என்ரை கையைப் பாருங்கோ, வலை இழுத்துத் தடிச்ச கை!"

"கை வேறை, இதயம் வேறை. கூடின பிறஷரோடை வருஷக்கணக்காய் மல்லுக்கட்டித்தான் அது தடிச்சது. தடிச்ச தசைக்கு ரத்தம் கூடத் தேவை, போய்ச் சேருறது காணாது. விறைச்சு நிண்டு, சரியாய் விரியவும் ஏலாது. அப்பிடியான இதயத்திலை மாரடைப்பும் வந்தால் கெதியிலை களைச்சுப் போடும். பிறஷரை அடக்கி வைச்சால்தான் தடிப்புக் குறையும்."

பக்கத்தில் நின்ற மனைவி யசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவருக்கு உப்பில்லாமல்தான் சமைக்கிறன் டொக்டர். மருந்துக் குளிசையும் நான்தான் கையிலை குடுக்கிறன். எங்கை பிழை விட்டனெண்டு தெரியேல்லையே!"

"அழாதேங்கோ அம்மா. இண்டைக்கே ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சு வைச்சு, குளிசையைக் கூட்டிப் பாப்பம்."

டொக்டர் மரியரட்ணத்தின் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றினார். புயலுக்கும் அசையாத மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நூற்றிருபத்தெட்டு! உங்கடை வீட்டு மிசின் பழுதோ?"

"மிசின் நல்லது..." மனைவியின் முகத்தைப் பார்க்காமலே முணுமுணுத்தார். "பட்டி இறுக்கேக்கை அண்டைக்கு வந்த நெஞ்சுநோ ஞாபகம் வருது டொக்டர். எனக்குப் பயம். மிசின் வேலை செய்யுதோ எண்டு பாப்பம் எண்டு சொல்லி, ஒவ்வொரு நாளும் இவளின்ரை கையிலைதான் பூட்டினனான். இவள் ஒரு காய்ச்சலெண்டும் படுக்காதவள். நம்பர் நல்லாய்த்தான் இருக்குமெண்டு நினைச்சு, கூடக்குறைய விளங்காமல் அப்பிடியே எழுதிப்போட்டன்."

யசிந்தா பொரிந்து தள்ள வாயைத் திறந்தாள். டொக்டர் கையைக் காட்டி மறித்தார்.

"ஐயா, நீங்கள் எழும்புங்கோ. அந்தக் கதிரையிலை அம்மா இருக்கட்டும்."