ஏரிக்கரைக் குட்டிகள் பந்தாட்டக் கழகம்

ஏரிக்கரையில் குட்டிகளுக்கென்று ஒரு பந்தாட்டக் கழகம் நடத்தி வந்தது ஓர் எருமை. ஜெயிப்பதைவிட நேர்மையாக ஆடுவதே பெரிது என்று அது வாராவாரம் சொல்லும். பெற்றோர்களும் வாராவாரம் கைதட்டுவார்கள்.

இறுதி ஆட்டத்தில் குரங்குக் குட்டி பந்தை அடித்துவிட்டு ஓடியது. அது எல்லைக் கல்லைத் தொடுவதற்குள் முயல் குட்டி பந்தை எடுத்து அதன் முதுகில் வைத்துவிட்டது. எருமை அவுட் கொடுத்தது.

மரத்திலிருந்து அப்பாக் குரங்கு இறங்கி வந்தது. "எருமையக்கா, நீங்க முயல் கட்சியா?"

"பந்து பட்டுச்சுப்பா. நான் அவுட்தான்," என்றது குட்டி.

"நீ சும்மா இரு. பெரியவங்க விளையாடும்போது குறுக்கே பேசாதே."

அரை மணி நேரம் கத்தியதில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதன் பிறகு ஆட்டம் தொடர்ந்து, குட்டியின் அணி தோற்றது. இந்தக் கழகத்தை எதற்காக நடத்துகிறோம் என்று எருமைக்கு அலுத்தே போயிற்று. ஆனாலும் அந்தக் குட்டியைக் கூப்பிட்டு, நேர்மைக்கான பதக்கத்தை அதன் கழுத்தில் போட்டு, மனம் நிறைந்து நின்றது.

அப்பாக் குரங்குக்கும் மனம் நிறைந்தது. "எல்லாம் என் வளர்ப்பு," என்று பதக்கத்தைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முயல் வளைக்கு முன்னால் மூன்று தடவை நடந்துவிட்டு வந்தது.