வண்டிக்குக் கட்டிய கொசுவலை

"கொசுவலைய வெட்டி வண்டிக்கா கட்டப் போறீக?"

"ஆமா புள்ள. வாடிப்பட்டி தாண்டுறதுக்குள்ள பூச்சியும் வைக்கோல் தூசியும் போயி ரேடியேட்டர அடைச்சிருச்சு. தண்ணி கொதிச்சு நடுரோட்ல நின்னுட்டேன். கல்யாணப் பார்ட்டி இறங்கி நின்னு ஏசுச்சு."

"அப்ப நம்மளக் கொசு கடிச்சாப் பரவாயில்ல?"

"நமக்கு ரத்தம் கொதிச்சாலும் ஓடிக்கிட்டேதான் இருப்போம். அது ஓடாதுல்ல?"

கல்யாணமான முதல் வருஷம் சிஹாபுதீன் சொன்னது. பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. வலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அஜ்மல் பீவிக்கு அது நினைவுக்கு வரும்.

அன்றைக்கு அவள்தான் அளவெடுத்து வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்தாள். அவனுடைய வாடகை அம்பாசடரின் முன்பக்கக் கம்பிகளுக்கு மேல் இழுத்துக் கட்டினால் காற்று உள்ளே போகும், பூச்சி போகாது. கிழியக் கிழியப் புதிது தைத்தாள். இது ஏழாவது.

சவாரி முடிந்து வண்டி வாசலுக்கு வந்ததும் வலையை அவிழ்த்துக் குழாயடியில் அலசுவாள். அதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை.

சிஹாபுதீனுக்குப் பேச்சுக் குறைவு. போன ஊரைச் சொல்வான், அத்தோடு சரி. மிச்சத்தை வலை சொல்லும்.

எழுமலை என்றால் பருத்திப் பஞ்சு. வயல் நடுவே போகிற ரோடு என்றால் பச்சைத் தத்துப்பூச்சி. மலையடிவாரம் வரை போயிருந்தால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பாதிச் சிறகு.

பிள்ளையில்லாத வீட்டில் பகல் ரொம்ப நீளம். அந்தப் பாதிச் சிறகை வைத்துக்கொண்டே மறுநாள் முழுக்க அவள் ஊர் சுற்றிவிடுவாள்.

நிக்காஹ், மய்யித்து வீடு என்று பின் சீட்டில் சொந்தக்காரர்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போனதுண்டு. அது வேறு. ஒரே ஒரு தடவை முன் சீட்டில், அவன் பக்கத்தில், எங்கேயாவது. கேட்டுவிடலாம் என்று வாசல் வரை வருவாள். களைத்து இறங்குகிற முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே வலையை அவிழ்க்கக் குனிந்துவிடுவாள்.

இரண்டு மாதமாக, அவன் எந்த ஊரைச் சொன்னாலும், வலை சுத்தமாகவே வந்தது.

போன வாரம் விளையாட்டாகத்தான் கேட்டாள். "என்ன மச்சான், எழுமலையில பூச்சியெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருச்சா?"

அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

இன்று சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியவன் தானாகவே சொன்னான்.

"எழுமலைதான் போயிட்டு வாரேன். எம்புட்டுப் பூச்சி பாரு புள்ள!"

வலை நிறைய அந்துப்பூச்சி. நாடாவை அவிழ்க்கும்போது பானெட்டில் கை பட்டது. சுடவில்லை.

குழாயைத் திறந்தாள். முதல் தண்ணீரிலேயே எல்லாம் உதிர்ந்து வாளியில் மிதந்தன.

அவள் கை நின்றது.

ஓடுகிற வண்டியில் மோதிய பூச்சி நசுங்கி வலையோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டு நகத்தால் சுரண்ட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு முழுப் பூச்சியை அவள் அலசியதில்லை.

இவற்றில் ஒரு சிறகுகூட ஒடியவில்லை. ஒரு வண்டுக்கு ஆறு காலும் இருந்தது. இன்னொரு பூச்சியை எறும்பு பாதி தின்றிருந்தது; அந்த எறும்பும் கூடவே வந்திருந்தது.

பெட்ரோல் பங்கிலோ எங்கேயோ, டியூப்லைட்டுக்கு அடியில் காலையில் உதிர்ந்து கிடப்பவை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, குனிந்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கின்றன. சிறகு நோகாமல் வலைக் கண்களில் செருகியிருக்கின்றன.

அவள் கேட்டதற்காக.

டாக்சி ஸ்டாண்டில் எல்லாம் ஏ.சி. வண்டியாக வந்துவிட்டது, பழைய அம்பாசடரை வெளியூருக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி, ரயிலடி என்று ஒன்றிரண்டு உள்ளூர் சவாரி கிடைத்தால் உண்டு. அது யாரைப் பற்றிய பேச்சோ என்று அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

இரண்டு மாதமாக அவள் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இதே ஊரில், எங்கேயோ ஒரு மர நிழலில், நாலு கதவும் திறந்த வண்டிக்குள் அவனும்.

சோப்பை எடுத்தாள். ஒன்றும் ஒட்டியிராத வலையை, வழக்கம்போல நகத்தால் சுரண்டிச் சுரண்டி அலசினாள். சிஹாபுதீன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டீயில் ஆடை படர்ந்தது.

வலையைப் பிழிந்து உதறி, வண்டியில் கட்டாமல் கொடியில் போட்டாள்.

"என்ன புள்ள, கட்டலையா?"

"நாளைக்கு வலை வேணாம் மச்சான்." அவள் திரும்பவில்லை, கொடியில் வலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "நானும் வாரேன். முன் சீட்டுல உக்காந்து வாரேன்."

"எழுமலைக்கா? அம்புட்டுத் தூரம், பார்ட்டி வேற இருக்கும்ல..."

"எழுமலைக்கு இல்ல மச்சான். பகலெல்லாம் ஒத்தையில உக்காந்திருக்கீகள்ல, அந்த எடத்துக்கு."