சாய்ந்து பார்த்தால் தங்கம்

எழுநூறு வருடப் பழமையான பாரசீகக் கிண்ணத்தின் முன்னால் பத்மநாதன் குனிந்து நின்றார். கண்டவர்கள் பெரிய ஆராய்ச்சியாளர் என்று நினைத்திருப்பார்கள். மனிதர் உற்றுப் பார்த்ததோ, பெட்டியின் கண்ணாடியில் தெரிந்த காவலாளியை.

ஒரே மகள் தவமலருக்குப் பேசிவந்த, அவர் இன்னும் முகம் பார்த்திராத மாப்பிள்ளை கனகலிங்கம், லண்டன் மியூசியம் ஒன்றில் மட்பாண்டப் பகுதிக் காவலாளி. ஆளைத் தான் சோதித்துப் பார்க்கும்வரை இரண்டு பேரும் சந்திக்கக் கூடாது, டெலிபோனும் கூடாது என்பது பத்மநாதனின் சட்டம். 1989இலும் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பின்னேரம் தரகருக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

லண்டனின் மேற்குக் கோடியிலுள்ள ஹவுன்ஸ்லோவுக்குப் போவதாக வீட்டில் புளுகிவிட்டுத்தான் வந்திருந்தார். "ஆறுதலா வாங்கோ அப்பா" என்று மகள் குடையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

காவலாளி கொட்டாவி விடவில்லை, சுவரில் சாயவுமில்லை. சீருடைக் கோட்டு மட்டும் தோளைவிட்டு வழிந்தது. மெலிந்த பொடியன், கலியாணத்துக்குப் பிறகு சதை வைக்கும் என்று பத்மநாதன் தேற்றிக்கொண்டார்.

"தம்பி, இந்த மண்சட்டிக்கு ஏன் இவ்வளவு காவல்?"

"இந்தப் பக்கம் சாய்ஞ்சு பாருங்கோ ஐயா."

சாய்ந்தார். மங்கலான மண்ணிறக் கோடுகள் எல்லாம் பொன்னாக மினுங்கின. சோதிக்க வந்தவர் வாயைப் பிளந்தார்.

"பவுணோ?"

"ஒரு பொட்டுப் பவுணும் இல்லை. வெள்ளியும் செம்பும் கலந்த பூச்சால கீறி, புகையடைச்ச சூளையில ரெண்டாந்தரம் சுட்டிருக்கினம். பாக்கிறவைதான் பவுண் எண்டு ஏமாறுறது."

என்ன பணிவு, என்ன அறிவு! ஆளை எடைபோடுவதில் தன் கண்ணுக்கு நிகர் இல்லை என்று பத்மநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பின்னேரம் வரை பொறுக்க முடியவில்லை, பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கனகலிங்கம், நான்தான் தவமலரின்ர அப்பா. எனக்கு முழுச் சம்மதம்!"

பொடியனின் முகம் வெளிறியது. நீண்டு தொங்கிய கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டான்.

"நான் எட்வேட், ஐயா... நீங்கள் ஹவுன்ஸ்லோவுக்குப் போறியள் எண்டு நம்பித்தானே கனகலிங்கம் தன்ர கோட்டோட என்னை இங்க நிப்பாட்டிட்டு, தவமலரோட படத்துக்குப் போனவன்!"