நெளியும் கோடுகள்

கோயமுத்தூரிலிருந்து சென்னிமலைக்கு மூன்றாம் முறையாக வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் எட்வினை உட்கார வைத்தார் நாச்சிமுத்து. மானிட்டரை ஒட்டிச் சுழன்றுகொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அவர் நாற்காலியருகே வைத்தார். வந்தவருக்கு ஃபேன் வைக்காமல் வேலை வாங்குகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

மானிட்டரோடு இணைத்திருந்த நாச்சிமுத்துவின் லேப்டாப்பை எட்வின் திறந்தார். டிவிப் பெட்டிபோல் கனத்த மானிட்டரில் பெட்ஷீட் டிசைன் வந்தது. கோடுகள் நூல் பிடித்தாற்போல் நின்றன.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"முருகன் சத்தியமா இத்தன நேரம் நெளிஞ்சுதுங்க! லேப்டாப்புல நேரா நிக்குது. இதுல மட்டும் பாம்பாட்டம் நெளியுது. நாளைக்கு எக்ஸ்போர்ட் பார்ட்டி டிசைன் பாக்க வாராங்க."

"ஒயர மாத்தியாச்சு, மானிட்டரையே மாத்தியாச்சு. இனி நீங்க கண் டாக்டரத்தான் பாக்கோணுங்க."

எட்வின் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனைப் பழையபடி மானிட்டர் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார். கோடுகள் நெளிய ஆரம்பித்தன.

ஜன்னலுக்கு ஓடினார். "ஏனுங்க இன்ஜினியரே! மறுக்கா நெளியுதுங்க, ஒரு எட்டு வந்து பாருங்க!"

தெருமுனையில் எட்வின் திரும்பினார்.

பாவம், வெயிலில் வருகிறாரே என்று அவசரமாக ஃபேனைத் தூக்கி அவர் நாற்காலியருகே வைத்தார் நாச்சிமுத்து. நிமிர்ந்து பார்த்தால், ஒரு கோட்டிலும் நெளிவில்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் அழாத குறையாகச் சொன்னார்:

"அவரு இன்னும் வாசப்படியே ஏறல அம்மணி. அதுக்குள்ள இந்தச் சனியனுக்கு எப்படித்தான் தெரியுதோ!"