ஈ டிரைவைக் காணவில்லை

நேற்று இரவு பதினொன்று ஐம்பதுக்கு விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை.

காலையில் அலுவலகத்துக்கு வந்த பெய்-ரூ அதைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் தலைமேல் இருந்த பச்சைப் பொட்டலத்தை மாற்றினாள். தேங்காய்ச் சுவையில் சோளப்பொரி. மெஷின் அடங்கி நடக்கத் தைச்சுங் நகரத்தில் எல்லா அலுவலகத்திலும் வைப்பதுதான். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது.

இது தாண்டி ஆறு வருடம். போன மாதம் ஓய்வு பெற்ற யென் வைத்தது. இருந்தவரை யாரையும் தொட விட்டதில்லை. நாலு சுற்று டேப் போட்டு ஒட்டியிருந்தார். இரண்டு முறை இழுத்ததில் டேப்போடு சேர்ந்து வந்தது. சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதியதை வைத்துக் கைகூப்பினாள்.

புரோகிராமில் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அதை நேற்றே திருத்திவிட்டாள். அதை மெஷினுக்குப் புரியும் கோப்பாக மாற்றும் கம்பைலரை ஓடவிட்டு, வரும் கோப்பைத் தெற்கே பிங்துங்குக்கு அனுப்பினால் போதும். அங்கே சுவாங்கின் எட்டு மீன் குளங்களிலும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுகொண்டிருந்தன. நிறுத்துவது பெய்-ரூவின் கம்பெனி விற்ற கட்டுப்பாட்டுப் பெட்டி.

கம்பைலர் ஓடவில்லை. ஈ டிரைவில் தனக்கு வேண்டிய லைப்ரரியைக் காணோம் என்றது. ஈ டிரைவையே காணோம்.

மாலை நாலு பத்துக்கு முப்பத்தோராம் முறையாக அதையே சொன்னது.

“அப்டேட்டைத் திருப்பி எடுத்தியா?” என்றார் முதலாளி லாய்.

“காலையிலயே எடுத்தாச்சு முதலாளி. கம்பைலரை மூணு தடவை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். பாதையெல்லாம் கையால அடிச்சுப் பார்த்துட்டேன்.”

“லைப்ரரியை வித்தவங்களைக் கேளு.”

“அவங்க கடையைக் கட்டி ஒன்பது வருஷம் ஆச்சு. காப்பி எடுக்க முடியாம பூட்டி வித்தது. ஒண்ணே ஒண்ணுதான்.”

“அந்த ஈ டிரைவ் எங்கதான் இருந்துச்சு?”

“தெரியலை. இந்த மெஷின்ல யென் அண்ணன்தான் உட்காருவார்.”

ஈ டிரைவ் எப்போதும் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

“அவன் இன்னும் போனை எடுக்கலையா?”

“மலையேறப் போயிருக்கார். மேல சிக்னல் இல்லை.”

“இங்க இருந்தப்ப ரெண்டு மாடி ஏறச் சொன்னா மூட்டு வலிம்பான். இப்ப மலை ஏறுறான் பாரு.”

மேஜைமேல் போன் அடித்தது. சுவாங்.

“தங்கச்சி, எத்தனை மணிக்கு வரும்?”

“முயற்சி பண்ணிட்டே இருக்கோம் அண்ணே.”

“முயற்சி இருக்கட்டும். மணி சொல்லு. நானும் வீட்டுக்காரியும் காலையிலேர்ந்து ஆளுக்கு நாலு குளம் ஓடுறோம். ஒண்ணைப் போட்டுட்டு வந்தா பின்னாடி ரெண்டு நிக்குது. பெட்டியைக் கழட்ட எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவானாம்.” பின்னால் ஒரு பெண் ஏதோ கத்தினாள். “களவா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. மூணு வருஷம் வளர்த்தது. இருட்டினா தண்ணில காத்து இன்னும் குறையும்மா. இவ ஏற்கெனவே ரெண்டு தடவை விழுந்துட்டா.”

“ஆறு மணிக்குள்ள அனுப்பிடறேன்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு நாற்பதுக்குச் சந்து முனையில் குப்பை லாரியின் பாட்டு கேட்டது. இந்த வாரம் குப்பை கொண்டுபோவது லாயின் முறை. பையைக் கட்டப் போனவர் நின்றார்.

“பெய்-ரூ, இந்தப் பழைய பொட்டலமும் இதுலயே போகலாமா? சாமி சமாச்சாரம் மாதிரி இருக்கே.”

“காலாவதி ஆனதுல என்ன சாமி? ஓடுங்க முதலாளி, லாரி போயிடும்!”

அவர் ரப்பர் செருப்போடு ஓடினார்.

அவள் முப்பத்திரண்டாம் முறை தட்டினாள். அதே வரி. புதுப் பொட்டலத்தைச் சரியாக நடுவில் நகர்த்தி வைத்தாள். “கேளுடா,” என்றாள் மெதுவாக. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சொன்ன பேச்சு கேளுடா.”

லாய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “முனையில பிடிச்சுட்டேன். அறுபத்தொண்ணு வயசு எனக்கு, ஞாபகம் வெச்சுக்க.”

லாரி பெரிய தெருவுக்குத் திரும்பியது. போன் அடித்தது. யென். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“இப்பதான் கீழ இறங்கினேன். இருபத்தாறு தடவை கூப்பிட்டிருக்கே. என்ன, கம்பெனி எரிஞ்சு போச்சா?”

“அண்ணே, ஈ டிரைவைக் காணோம். அப்டேட் முழுங்கிடுச்சு.”

“அப்டேட் எப்படி முழுங்கும்?” அவர் சிரித்தார். “அது டிஸ்க்கே இல்ல. நகம் அளவு பென் டிரைவ். மெஷின் தலையில இருக்கிற துளையில சொருகி வெச்சிருக்கேன். ஆளாளுக்கு போட்டோ ஏத்தறேன்னு அதைப் பிடுங்கிட்டே இருந்தாங்க. அதான் அது மேலயே பொட்டலத்தை வெச்சு, ரெண்டையும் சேர்த்து டேப் அடிச்சுட்டேன். நம்ம ஊர்ல எதை வெச்சாலும் எடுப்பான். அதை மட்டும் தொடமாட்டான்.”

லாய் தன் வெறுங்கைகளைப் பார்த்தார். பாட்டு இரண்டு தெரு தள்ளிக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

“ஹலோ? பெய்-ரூ? பொட்டலம் இருக்கு இல்ல?”